இசைத்தட்டும் அரங்கேற்றமும்

எக்கலையாயினும் அதனைக் கற்பது ஒன்று. கற்றதைப் பலர் கூடிய அவையில் நிகழ்த்துவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் வாயிலுக்கு நம் முன்னோர் இட்ட அழகிய பெயர் அரங்கேற்றம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அப்பெயரால் அமைந்திருத்தலை அன்பர்கள் அறிவர். மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மன்னன் முன்னிலையில் ஆடினாள். அவள் ஆடிய மேடை எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது என்று இளங்கோவடிகள் அளவு முதற்கொண்டு கூறுகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதிகளையும் வகுத்துரைக்கிறார். தண்ணுமை முழக்குபவன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும், தன் ஓசையே மேலோங்காமல் நிற்கவும் அறிந்தவனாயிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இப்பழங்கதை ஈண்டு எதற்கு என்று சிலர் வினவலாம். ஃபீனிக்ஸ் பேயில் வாழும் நம் குடியிருப்பு இளைஞர் சிலர், ஆண்டு விழாவில் அரைமணி நேரம் ‘டி.ஜே.’ நிகழ்ச்சி நடத்த இசைவு கேட்டுள்ளனர். பெரியோர் சிலர்க்கு இது பிடிக்கவில்லை. “பாடவும் அறியார், கருவி இசைக்கவும் அறியார், பிறர் பாடிய பாட்டைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டுவதும் ஒரு கலையா?” என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். இதற்குச் சினத்தால் விடை கூறுவதினும் சரித்திரத்தால் விடை காண்பது நன்று எனக் கருதியே இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

அரக்குத் தட்டு வந்த வரலாறு

ஒலியைப் பிடித்துவைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை 1877-இல் எடிசன் ஆக்கினார். அது உருளை வடிவினது. அதனைத் தட்டு வடிவாக்கி, 1887-இல் கிராமபோன் என்னும் பெயரால் காப்புரிமை பெற்றவர் எமில் பெர்லினர். 1902-இல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளரான கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அவ்வம்மையார் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொல்லி முடிப்பார். தொடக்கத்தில் தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. பின்னர்க் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை எழுந்தது. அத்தட்டுகளின் மூலப்பொருள்களுள் தலையாயது நம் நாட்டுக் காடுகளில் விளையும் அரக்கு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவை நிமிடத்திற்கு 78 முறை சுழல்வன; பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்திற்குச் சுமார் மூன்று நிமிடமே பாட்டு அடங்கும்.

மணிக்கணக்கில் ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள் இப்பெட்டியைக் கண்டு தயங்கியதில் வியப்பில்லை. ஆயினும் காலம் வேறு தீர்ப்புக் கூறிற்று. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் குரலை நேரிற் கேட்டறியாத நாமும் இன்று அதனைக் கேட்டு உருகுகின்றோம் என்றால், அஃது இசைத்தட்டு செய்த உபகாரமேயன்றோ? கே. பி. சுந்தராம்பாளின் பாட்டும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அரண்மனையும் கோயிலும் கடந்து குடிசை வாயிலுக்கு வந்தது இவ்வரக்குத் தட்டின் வழியாகத்தான்.

மைக் செட்டுக்காரர்

தட்டைச் செய்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், அதனை ஊர்க்கூட்டத்தில் இயக்கியவர் மூன்றாமவர். அம்மூன்றாமவரைச் சரித்திரம் எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். தமிழகத்துக் கிராமங்களில் அவருக்கு மைக் செட்டுக்காரர் என்று பெயர். குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்திலோ மூங்கிற் கழியிலோ கட்டி, மாட்டுவண்டியில் வந்த பெட்டியை இறக்கி, முள்ளை மாற்றித் தட்டைச் சுழலவிடுவார். சிறுவர் கூட்டம் அவரைச் சுற்றி நிற்கும்.

அவர் மனம்போனவாறு பாட்டுப் போட்டவரல்லர். விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் கணீரென்ற குரலில் விநாயகர் துதி. பின்னர் பக்திப் பாடல்கள். முகூர்த்த வேளையில் நாதஸ்வரம். மணமகள் புகுந்த வீட்டில் அடியெடுத்து வைக்கையில், 1958-இல் வந்த ‘பானை பிடித்தவள் பாக்கியசாலி’ படத்து வரவேற்புப் பாட்டு. திருவிழா இரவுகளில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ முதலிய படங்களின் வசனத் தட்டுகள் முழங்கும். டூரிங் கொட்டகையில் பக்திப் பாட்டு ஒலித்தால் ஆட்டம் தொடங்கப் போகிறதென்று பக்கத்து ஊர்க்காரரும் நடையை எட்டிப் போடுவர். எந்த வேளைக்கு எந்தப் பாட்டு, எந்தப் பாட்டின் பின் எது என்பதை அறிந்து, ஒரு கூட்டத்தின் மனத்தை நாள் முழுதும் கையிற் பிடித்து நடத்தியவர் அவர். டி.ஜே. என்னும் தொழிலின் உயிர்நிலை இதுவே. பெயர்தான் புதிது, தொழில் நம் தாத்தாமார் கண்டதே.

வானொலியிலும் இக்கலை வளர்ந்தது. 1952 முதல் மத்திய அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் குறைந்தது. தமிழ் நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினர். மயில்வாகனன், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் இரு பாட்டுகளுக்கு இடையே பேசும் நான்கு சொற்களையும் நேயர் காத்திருந்து கேட்டனர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி தொடங்கியதற்கு, நேயர்கள் இலங்கையின் பக்கம் சென்றதும் ஒரு காரணம். அமெரிக்க வானொலியில் இசைத்தட்டு இயக்கி அறிவிப்புச் செய்தோரை 1930-களிலேயே ‘டிஸ்க் ஜாக்கி’, அதாவது தட்டைச் செலுத்தும் குதிரையோட்டி, எனக் கேலியாக அழைக்கலாயினர். அக்கேலிப் பெயரின் முதலெழுத்துகளே டி.ஜே. என நின்றன.

குடியேறியவர் மகன் ஏற்றிய விளக்கு

இனி நாம் கூறப்போவது வெளியூரில் வாழும் நம்மனோர்க்கு மிகவும் நெருங்கிய செய்தி. ஜமைக்காத் தீவில் பிறந்த கிளைவ் கேம்பெல் என்னும் சிறுவன் 1967-இல் தன் குடும்பத்தாரோடு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குடியேறினான். ஜமைக்காவில், நம் மைக் செட்டுக்காரரைப் போலவே, பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்திப் பாட்டுப் போடும் வழக்கம் உண்டு. அந்நினைவோடு வளர்ந்த அவன், 1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள், 1520, செட்ஜ்விக் அவென்யூ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தினான். பள்ளி திறக்கும் காலம். புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க எண்ணி அவன் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்து அது. கையால் எழுதிய சிறு அட்டைகளே அழைப்பிதழ். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம்.

‘கூல் ஹெர்க்’ என்னும் பெயரால் அறியப்பட்ட அவ்விளைஞன் கூர்ந்து கவனித்தது ஒன்றுண்டு. பாட்டு முழுவதிற்கும் கூட்டம் ஒரே வகையில் ஆடுவதில்லை; குரலும் பிற கருவிகளும் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து முழங்கும் சில விநாடிகளுக்காகவே அது காத்திருக்கிறது. ஆகவே ஒரே பாட்டின் இரு தட்டுகளை இரு பொறிகளில் வைத்து, ஒன்றில் அத்தாளம் முடியும் தறுவாயில் மற்றதில் தொடங்கச் செய்து, அதனை நீட்டினான். உலகெங்கும் இன்று பரவியுள்ள ஹிப்-ஹாப் இசையின் பிறப்பிடமாக அக்கூடத்தையே கருதுகின்றனர். பார்படோஸ் தீவில் பிறந்து அதே பிராங்க்ஸில் வளர்ந்தவர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்ற அவர், தட்டின்மேல் மெழுகுக் கோலால் குறியிட்டு, வேண்டிய இடத்தைக் கடிகார முள்ளைப் பார்ப்பது போல் பார்த்துத் திருப்பும் முறையை அமைத்தார். தியோடர் என்னும் சிறுவன் வீட்டில் உரக்கப் பாட்டுப் போட, தாயார் வந்து கண்டிக்க, அவன் தட்டைக் கையால் நிறுத்தி முன்னும் பின்னும் அசைத்தபோது எழுந்த கீச்சொலியே ‘ஸ்கிராட்ச்’ என்னும் உத்தியாயிற்று என்பர்.

குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொதுக்கூடம் கிடைத்தது; அதனால் உலகத்திற்கே ஒரு கலை கிடைத்தது. இதனைச் சங்கத்துப் பெரியோர் சிந்தித்தல் வேண்டும்.

கற்கும் முறை

இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில் இருப்புப்பாதை எழுத்தராயிருக்கும் நமக்கு, இத்தொழிலை விளக்க வண்டியே உவமையாகத் தோன்றுகிறது. நிற்கும் பெட்டிகளோடு எஞ்சின் மெல்ல வந்து இணைந்தால் உள்ளே உறங்கும் குழந்தையும் விழிப்பதில்லை. விரைந்து மோதினால் தட்டிலுள்ள இட்டிலியும் உருண்டுவிடும். ஒரு பாட்டிலிருந்து மறுபாட்டிற்கு, கேட்போர் குலுங்காமல் செல்வதே டி.ஜே.யின் முதற்பாடம்.

இதற்கு இரு பாட்டுகளின் வேகமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று நிமிடத்திற்கு 120 அடியும் மற்றொன்று 126 அடியும் உடையதாயின், முன்னதை நூற்றுக்கு ஐந்து பங்கு விரைவாக்க வேண்டும். 1972-இல் ஜப்பானில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்னும் சுழல்பொறி இதற்குப் பெரிதும் உதவிற்று. 1979-இல் திருத்தி வெளியிட்ட அதன் இரண்டாம் வடிவில், வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை கூட்டவும் குறைக்கவும் நீள்வடிவ நகர்த்தி ஒன்று அமைந்தது. இன்றோ கணினியே வேகத்தை எண்ணிக் காட்டுகிறது. எனினும் செவி பயிலாதவனுக்கு எண் துணை செய்யாது. நடனப் பாட்டுகள் நான்கு நான்கு அடியாக எட்டுச் சுற்று, அதாவது 32 அடி கொண்ட பகுதிகளாக அமைவன; அப்பகுதி முடியுமிடத்தில் அடுத்ததைத் தொடங்கினால் இயல்பாகப் பொருந்தும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் எண்ணிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது கடினமன்று.

பழைய தமிழ்த் திரைப்பாட்டுகளைக் கையாள்வதே அரிது. மனிதர் பலர் கூடி வாசித்தவையாதலின் அவற்றின் வேகம் மூச்சைப்போல் சிறிது ஏறியும் இறங்கியும் செல்லும். அவற்றை வலிந்து இணையாமல், சரணம் முடிந்து ஓயுமிடத்தில் கைமாற்றுவதே முறை. ஒரு காதில் அடுத்த பாட்டு, மறு காதில் அவையின் ஒலி எனக் கேட்டுப் பழகுதல், இரு பாட்டுகளின் கீழ்ச்சுரங்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஒன்றைத் தணித்து மற்றதை உயர்த்துதல், அளவுகாட்டியின் சிவப்பு விளக்கு எரியாமல் காத்தல் ஆகியவை ஏனைப் பாடங்கள். குறையை நிரப்பி மிகையை அடக்கும் தண்ணுமை ஆசிரியனை ஈண்டு நினைவு கூர்க.

நம் தீவுப் பிள்ளைகளும் முதல் மேடையும்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இப்போர்ட் பிளேரில், தாய்நாட்டுப் பாட்டு கப்பலில் வந்த காலம் ஒன்றிருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடலில் வந்த பெட்டிகளில் அரிசி, புளியோடு ஒலிநாடாக்களும் இருக்கும். 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள், சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன்பின் பாட்டும் பாடமும் கண்ணிமைப்பில் வருகின்றன. ஆனால் எந்த வடமும் கொண்டுவர இயலாதது ஒன்று உண்டு. அது முன்னே அமர்ந்திருக்கும் அவை.

இவ்வூர் அவையோ எளிதன்று. தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சியார், நிக்கோபாரியர் எனப் பலர் கூடுமிடம் இது. தெருவில் பொதுமொழி ஹிந்தி. இங்குப் பிறந்த நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் ஹிந்தியும் பேசி வளர்கின்றனர். அத்தகைய பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுகளைத் தாமே தேடித் தொகுத்து, “இதனைத் தாத்தாவுக்குப் போடலாமா?” என்று வந்து கேட்பது சிறிய செய்தியன்று.

முதன்முறை மேடையேறுவோர்க்குச் சில சொல்லி வைக்கலாம். அரைமணிக்குப் பத்துப் பாட்டுப் போதும். ஆயினும் முப்பது பாட்டாவது கைவசமிருக்கட்டும். அவற்றை இரு வேறு பேனா டிரைவுகளில் வைத்துக் கொள்க. கம்பிகளும் இணைப்பான்களும் இரட்டையாக இருத்தல் நலம். கூட்டம் வருமுன் சென்று மன்றத்து ஒலிபெருக்கியில் இட்டுப் பார்க்க வேண்டும். மக்கள் நிறைந்தபின் ஒலி மாறும் என்பதையும் அறிக. முதலில் குழந்தைகளுக்கு, அடுத்துப் பெரியோர்க்கு, அதன்பின் ஆடுவோர்க்கு எனப் பாட்டுகளை நிரல்படுத்துக. பொறியையே நோக்காது அவையை நோக்குக. நாற்காலிகள் காலியானால் எழுதி வைத்த வரிசையை மாற்றத் தயங்கற்க. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என வரம்பும் உண்டு. பொது நிகழ்ச்சியில் இசைத்தட்டு இயக்கப் பாட்டுக்குரியோரிடம் உரிமம் பெறுவதும் சங்கத்தின் கடமை.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். மாதவிக்கு ஆசிரியர் ஐவர் அறுவர் இருந்தனர். அளவறிந்து அமைத்த மேடையும் இருந்தது. அவள் ஆடி முடிக்கும்வரை அவையும் அமர்ந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆசிரியரை நாம் தர இயலவில்லை. தாமே தேடிக் கொண்டனர். மேடையையும் அவையையுமாவது நாம் தரலாகாதா? அரைமணி நேரம் முன்வரிசையில் எழாமல் அமர்ந்திருப்போம். பாட்டு நன்றாயிருப்பின் கைதட்டுவோம்; பிழையிருப்பின் மறுநாள் வீட்டிற்கு அழைத்துத் தேநீர் கொடுத்து எடுத்துச் சொல்வோம். இசைத்தமிழ் எவ்வுருவில் வந்தாலும் இத்தீவில் அது ஒலித்துக் கொண்டிருத்தலே நம் விருப்பம்.

வாழ்க இளையோர் முயற்சி! வளர்க நம் சங்கம்!