வெயிலை எண்ணிய கண்ணாடிக் கோளம்

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் வீதியில் கலேவெலவைக் கடக்காமல் போக முடியாது. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அவ்வழியே பயணித்தவர்கள், பிடுங்கிய பெரிய வெங்காயம் வயல்களிலே காய்ந்து கிடப்பதைக் கண்டிருப்பர். குமிழ்கள் வெந்துபோகாதபடி தாள்களால் மூடி, சில நாட்கள் உலர விடுவார்கள். அந்தச் சில நாட்களில் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டால் வெங்காயம் அழுகும். சிறுபோகத்துக்கு வாங்கிய கடன் மட்டும் அழுகாமல் நிற்கும். அங்கே வெயில் என்பது காசு. அந்தக் காசை எண்ணுவது எப்படி?

மழையை அளப்பது பழைய கலை. பாத்திரம் வைத்து மழையை அளக்கும் வழக்கத்தைக் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமே குறிப்பிடுகிறது. வெயிலோ பாத்திரத்தில் தேங்குவதில்லை. ஒரு நாளில் சூரியன் எத்தனை மணி நேரம் மறைவின்றிக் காய்ந்தது என்று பதிவு செய்யும் எளிய கருவி 1853ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதை உருவாக்கிய ஜோன் பிரான்சிஸ் கெம்பல், ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு நாட்டார் கதைகளைத் திரட்டிப் பதிப்பித்தவர் என்ற வகையிலேயே இன்று பெரிதும் அறியப்படுகிறார். கிழவர்களின் வாயிலிருந்து கதைகளைச் சேகரித்தவரே சூரியனின் நாட்குறிப்பையும் சேகரித்தார் என்பது சுவையான பொருத்தம்.

அவர் செய்தது இதுதான்: மரக்கிண்ணம் ஒன்றின் நடுவே நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்தார். கோளம் வெயிலைக் குவித்து மரத்தைச் சுட்டது. சூரியன் நகர நகரச் சூட்டுத் தழும்பும் நகர்ந்தது. முகில் மறைத்தபோது தழும்பு அறுந்தது. 1879இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், மரக்கிண்ணத்துக்குப் பதிலாக உலோகச் சட்டத்தையும், மணிக்கோடுகள் இட்ட அட்டையையும் பொருத்தினார். அதன் பின்னர் ஒவ்வொரு நாளின் வெயிலையும் தனித்தனியே அளக்க முடிந்தது. மாலையில் அட்டையை எடுத்து, கருகிய கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயிலின் கணக்குக் கிடைத்துவிடும். கருவிக்கு மின்சாரம் தேவையில்லை. நாள் தவறாமல் அட்டையை மாற்ற ஒரு மனிதர் தேவை.

கருவியில் குறைகளும் இருந்தன. ஈரமான அட்டை எளிதில் கருகாது. காலை, மாலை இளவெயில் அதில் பதியாது. முகில் அடிக்கடி விலகி மூடும் நாளில் தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இல்லாத வெயிலை இருந்ததாகக் காட்டும். எனவே உலக வானிலை அமைப்பு பின்னர் ஒரு வரையறை வகுத்தது. சூரியனிலிருந்து நேராக வரும் கதிர்வீச்சு சதுர மீற்றருக்கு 120 வாற்றுக்கு மேல் இருக்கும் நேரமே வெயில் நேரம்.

இலங்கையில் கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907இல் தொடங்கப்பட்டது. 1948இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. கொழும்பின் நீண்டகாலச் சராசரிகளைப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு 2,600 மணிக்குச் சற்று அதிகமான வெயில். மார்ச்சில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது மணி. செப்டெம்பரில் ஆறு மணிக்குச் சற்று மேல். கொழும்பில் பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பதினொன்றே முக்கால் மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையிலேயே நிற்பதால், இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் முகில்தான்.

இங்கேதான் கலேவெலவின் வழக்குத் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பின் வானத்தை மூடும் அதே மாதங்களில், மத்திய மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்ட காற்றாக மலைகளுக்கு அப்பால் வீசுகிறது. தலைநகர் வெயிலுக்கு ஏங்கும் செப்டெம்பரில்தான் கலேவெல வெங்காயம் காய்கிறது. தலைநகரின் கணக்கைக் கொண்டு கிராமத்தின் வெயிலைச் சொல்ல முடியாது.

இது வெங்காயத்தோடு முடியும் சங்கதியன்று. சுவீடன் நாட்டு அறிஞர் ஒங்ஸ்ட்ரோம், வெயில் நேரத்திலிருந்து நிலத்தை அடையும் கதிர்வீச்சைக் கணிக்கும் வாய்பாட்டை 1924இல் தந்தார். பயிருக்கு எவ்வளவு நீர் தேவை என்று கணிக்கும் வழியை உணவு, விவசாய நிறுவனம் 1998இல் வெளியிட்டபோது, கதிர்வீச்சை நேரே அளக்க முடியாத இடங்களுக்கு அந்த வாய்பாட்டையே பரிந்துரைத்தது. தேவஹுவ போன்ற குளங்களை நம்பிய வயல்களுக்கு இதன் பொருள் தெளிவு. வெயிற் கணக்குப் பிழைத்தால் நீர்க் கணக்கும் பிழைக்கும்.

இன்னுமொன்று. 1950களிலிருந்து 1980கள் வரை உலகின் பல பகுதிகளில் நிலத்தை அடைந்த சூரிய ஒளி குறைந்தது என்பதை அறிவியலாளர் பின்னர் கண்டறிந்தனர். 1999இல் இந்து சமுத்திரத்தில் நடந்த பெரும் ஆய்வு, தெற்காசியாவிலிருந்து கிளம்பிய புகைப்படலம் கடல்மீது பரந்து கிடந்து வெயிலை மறிப்பதைக் காட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்திரன் ராமநாதன்.

முந்திய வெயில் இப்போது இல்லை என்று ஒரு கமக்காரர் சொன்னால், முதுமையின் புலம்பல் என்று நாம் சிரித்துவிடுகிறோம். அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் தீர்ப்பதற்கு அவருடைய ஊருக்கு அண்மையில், ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவர் எடுத்துவைத்த கருகிய அட்டை வேண்டும். எடுக்காமல் விட்ட நாளின் வெயிலை எந்த நவீன கருவியும் திரும்ப அளந்து தராது.