கால்நடையாக ஒரு சரித்திரம்

சரித்திரம் படிக்கப் புத்தகசாலைதான் வேண்டுமென்பதில்லை. சில இடங்களில் இரண்டு கால்களே போதும், நடந்தே படித்துவிடலாம்.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடலை ஒட்டி அங்கே செங்குத்தான பாறைச் சுவர்கள். சுவர் நெடுகிலும் கல்லாய்ச் சமைந்த சிப்பிகள், மீன்கள், கடற்பிராணிகள். ஏழைத் தச்சர் ஒருவருடைய மகளான மேரி ஆனிங் 1811-12ல், சிறு பெண்ணாக இருந்தபோதே, தன் அண்ணனுடன் சேர்ந்து இக்தியோசாரஸ் என்ற ராட்சதப் பிராணியின் எலும்புக்கூட்டை அந்தச் சுவரிலிருந்து வெளிப்படுத்தினாள். அங்கே உலாவப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்லப்படும் புத்திமதி மூன்று: கடல் வற்றத் தொடங்கிய பிறகு புறப்படு, ஏறுவதற்குள் திரும்பிவிடு, சுவரின் அடியில் நின்று வேடிக்கை பார்க்காதே. மூன்றாவது புத்திமதிக்கு மேரியே சாட்சி. 1833ல் சரிந்து விழுந்த மண் அவளுடைய நாயைக் கொன்றது. அவள் மயிரிழையில் தப்பினாள்.

நம் கரையில் இப்படி ஓர் உலா போக முடியுமா? முடியும். ஆனால் நம் சுவர் நிற்கவில்லை, படுத்துக் கிடக்கிறது! அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியதை இங்கே கடலுக்கு முதுகைக் காட்டி நடந்து பார்க்க வேண்டும்.

மரக்காணத்தில் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உப்பளங்களில் வேலை தொடங்கியிருக்கும் மாதங்களே உகந்தவை. விடியற்காலையில் புறப்படுங்கள், பத்து மணிக்கு மேல் பாத்திகளின் வெண்மையில் கண் கூசும். கடல் ஏற்றத்துக்குப் பயந்து கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. ஏறினாலும் இறங்கினாலும் இங்கே வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அளத்து வரப்பில் மட்டும் கேட்டுக்கொண்டு கால் வையுங்கள். நமக்கு அது உலாவும் பாதை. அங்கே உழைப்பவர்களுக்கு அதுதான் அன்றைய கூலி.

இந்த ஊர் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் நூல் குறிப்பிடும் சோபட்மா என்ற துறைமுகம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் இதுதான் என்பார்கள். பூமீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. காக்கிநாடாவிலிருந்து புறப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் இங்கேதான் வந்து முடிகிறது. இவை எல்லாம் நம் சுவரின் மேல் வரிசைதான். மனிதர்கள் எழுதிய வரிசை.

அடுத்த வரிசைக்குத் திண்டிவனம், மயிலம் வழியாக மேற்கே போக வேண்டும். கால் வலித்தால் பஸ் இருக்கிறது. திண்டிவனத்தில் உள்ள கிடங்கில்தான் நல்லியக்கோடனின் தலைநகரம் என்பதையும் போகிற போக்கில் நினைத்துக்கொள்ளலாம். மயிலத்திலிருந்து புதுச்சேரி சாலையில் சென்று ஒரு பக்கம் திரும்பினால் திருவக்கரை. காளியைத் தரிசிக்க வருகிற ஊர். அங்கே செம்மண்ணில் பெரிய பெரிய மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு வயது. கிளையில்லை, வேரில்லை, பட்டையில்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து இங்கே புதைந்தவை என்பதற்கு அதுவே அடையாளம். பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னெரா 1781ல் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940ல் இந்த இடத்தைக் கல்மரப் பூங்காவாக்கிக் காத்து வருகிறது.

மீண்டும் புதுச்சேரி சாலைக்கு வந்தால் சேதராப்பட்டு. இன்று தொழிற்பேட்டையாகிவிட்ட அந்தப் பக்கத்து நிலத்தில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு உத்தியோகஸ்தர்கள் 1840களில் இங்கே சிப்பிகளையும், சுருள் சுருளான அம்மோனைட்டுகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் அவற்றை விவரித்து எழுதினார். பின்னால் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் திருச்சி வரையில் இந்தப் பழங்கடலின் எல்லைகளைத் தேடிக் கண்டார்கள். அம்மோனைட் நமக்குப் புதியதல்ல. கண்டகி நதியிலிருந்து வந்து பூஜையில் வீற்றிருக்கும் சாளக்கிராமமும் அந்த ஜாதிதான்.

இப்போது லைம் ரீஜிஸுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசத்துக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் அலை சுவரை அறுத்துப் புதுக் கற்களை உதிர்க்கிறது. உதிர்ந்ததை யாரும் எடுக்காவிட்டால் அலையே அரைத்து மணலாக்கிவிடும். ஆகவே கீழே கிடப்பதை எடுப்பதைக்கூட ஒரு வகையில் காப்பாற்றுவது என்று சொல்லலாம். நம்மிடம் அந்த அலை இல்லை. கடல் விட்டுப் போய்விட்டது. உழவுக்கும் மழைக்கும் கிணறு தோண்டுவதற்கும் வெளிப்பட்டது எதுவோ அதுதான் இருப்பு. ஒருவர் பையில் போட்டுக்கொண்டால் மற்றவருக்கு இல்லை.

அதோடு, மண்ணை விட்டுப் பெயர்த்த கல் ஊமையாகிவிடும். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பேச்சு. வரவேற்பறை அலமாரியில் அது அழகான கல். சேதராப்பட்டு மண்ணில் அதுவே இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. ஃபோர்ப்ஸ் எழுதிவைத்ததால் அன்று போன கற்கள் ஓரளவு பேசுகின்றன. நம் பையில் போகும் கல்லுக்காக யார் எழுதப் போகிறார்கள்?

ஞாபகத்துக்கு ஏதாவது வாங்கி வரத்தான் வேண்டுமென்றால் மரக்காணத்து உப்பு ஒரு படி வாங்கி வாருங்கள். அதுவும் கடல் தந்ததுதான். அடுத்த வருஷமும் விளையும். கல் விளையாது.