மண்ணுக்குள் ஒரு முன்பின்

குடிநீர் அழுத்தத்தால் ஏறும். கழிவுநீரோ சரிவை நம்பியே ஓடும். ஆகவே கழிவுக்கால்வாய் குடிநீர்க் குழாய்க்குக் கீழே கிடப்பதுதான் முறை. லண்டன் மாநகரிலோ மேலே கிடக்கவேண்டியது முந்திக்கொண்டது. தண்ணீர் விற்ற கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மரக்குழாய்களை அகற்றி, ஈயம் உருக்கிப் பொருத்திய வார்ப்பிரும்புக் குழாய்களைப் புதைத்துவிட்டன.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்ற யன்னல்களுக்குள்ளும் புகுந்தது. அதன் பின்னரே பணம் பிறந்தது. (வாந்திபேதியில் மாண்ட ஏழைகளுக்காகப் பிறக்காத பணம்!) 1859இல் பசல்கெட் என்னும் பொறியியலாளர் பெருங்கால்வாய் வேலையைத் தொடங்கினார்.

பழங்குழாயின் கீழே அகழி வெட்டினால் அதைத் தாங்கிய மண் போய்விடும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஈயப் பொருத்து நெகிழும். குழாயை மரச்சட்டங்களால் தாங்கிக்கொண்டே அடியிற் செங்கல் அடுக்கவேண்டும். நாளிற் சில மணிநேரமே நீர் விட்ட காலம் அது. நீர் நின்ற குழாயோ, நெகிழ்ந்த பொருத்தின் வழியே சுற்றியுள்ள அழுக்கை உறிஞ்சிவிடும். பசல்கெட்டுக்குத் தேம்ஸ் கரையிற் சிலையுண்டு. குழிக்குள் நின்றவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

1865இல் தென்கரையிலே இளவரசர் நீரேற்று நிலையத்தைத் திறந்துவைத்தார். தொழிலாளர் செறிந்த கிழக்கு லண்டனில் வேலை முடியவில்லை. 1866இல் அங்கே கிழக்கு லண்டன் தண்ணீர்க் கம்பனி, கழிவு கலந்த நீரை வடிகட்டாமலே குழாய்களில் விட்டது. 5,000 பேருக்கு மேல் மாண்டனர். கிழக்கின் கழிவை மேலேற்றும் அபே மில்ஸ் நிலையம் 1868இல் திறக்கப்பட்டது.