ஒரு சென்ட்டும் ஒரு கரித்துண்டும்

2009 அக்டோபர்ல 'வேர்ல்ட் ஆஃப் கூ' புதிர் விளையாட்டை, அதைச் செஞ்ச ரெண்டு பேர் கம்பெனி "இஷ்டப்பட்டதைக் குடுங்க"ன்னு வித்துச்சு. ஒரு சென்ட்டுக்கு அள்ளிட்டுப் போனவங்க ஆயிரக்கணக்குல! பிசுபிசு உருண்டைகளை ஒட்டிக் கோபுரம் கட்டணும், அவ்ளோதான். ஆனா உக்காந்தா எந்திரிக்க முடியாது.

மலிவுல அதுக்கும் தாத்தா நம்ம ஆடுபுலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையில கீறி வெச்சிருப்பாங்க. கரித்துண்டு வேணும், எங்க கீழ்புத்துப்பட்டுல மணல்ல விரலே போதும். 23 முனை, 3 புலி, 15 ஆடு. கண்டுபிடிச்சது யாருன்னு பேர்கூட இல்ல.

புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டவே முடியாது, வளைச்சு அடைக்கணும். அதுவும் 15 ஆட்டையும் இறக்குற வரைக்கும் ஒண்ணுகூட நகரக்கூடாது. வெட்டத் தெரியாத பக்கம் ஜெயிக்கலாம்ங்கிறதுதான் இதோட போதையே. நம்மாளுங்க ஆடு பக்கம் உக்காந்து பாருங்க, மொதல் ஆட்டை ஓரமா வைங்க :-)