சோலைப் புல்வெளி

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், பொதுவாக 1,500 மீட்டருக்கு மேல், பள்ளங்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்லுமாகக் கலந்து கிடக்கும் நிலத்தின் புல் பகுதியே சோலைப் புல்வெளி. நீலகிரியில் முக்கூர்த்தி, அவலாஞ்சி, அப்பர் பவானி, ஆனைமலையில் அக்காமலை, கேரளத்தில் எரவிகுளம் ஆகிய இடங்களில் இன்றும் இதைப் பரந்த அளவில் காணலாம். பழனி மலையின் மேற்பகுதியில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. காடும் புல்லும் சேரும் எல்லை கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். ஈரமும் பாசியும் இருட்டுமான சோலையிலிருந்து சில அடி வெளியே வந்தால் இடுப்பளவுப் புல்லும் காற்றும்தான்.

தொலைவிலிருந்து ஒரே நிறமாகத் தெரிவதால் இந்தப் புல்வெளியில் ஒன்றிரண்டு வகைப் புல்லே இருப்பதாகத் தோன்றும். குனிந்து பார்ப்பவருக்கு அந்த எண்ணம் நிலைக்காது. சரிவுகளில் கிரைசோபோகன், யூலாலியா, டைகாந்தியம், தெமெடா, அருண்டினெல்லா முதலிய புற்கள் தூர் கட்டி வளர்கின்றன. இவையே நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவை. ஆனால் செடிவளம் மிகுந்திருப்பது தூருக்கும் தூருக்கும் இடையிலுள்ள சாண் அகல இடைவெளிகளில். தரை ஆர்க்கிடுகள், காசித்தும்பை இனங்கள், அனாஃபாலிஸ், பெடிக்குலாரிஸ், வெள்ளைக் குழல் போலப் பூக்கும் நீலகிரி லில்லி, பூச்சி பிடிக்கும் ட்ரோசெரா எல்லாம் அங்கேதான் வளர்கின்றன. இவற்றில் பல இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

இவை எல்லாம் ஒரே காலத்தில் தலைகாட்டுவதில்லை. கோடை மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து முளைப்பவை முதலில் பூக்கும். தென்மேற்குப் பருவமழையில் ஓராண்டுச் செடிகள் கிளம்பும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல் காய்ந்து பழுப்பேறும்போது, பெரும்பாலான செடிகளின் உயிர் மண்ணுக்கடியில் கிழங்காகவும் வேர்த்தண்டாகவும் பதுங்கியிருக்கும். பனிக்கும் தீக்கும் மேய்ச்சலுக்கும் அவை தப்புவது இதனால்தான். ஒரே ஒரு பருவத்தில் வந்து கணக்கெடுப்பவர் பாதியைத் தவறவிட்டுவிடுவார். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதைத்து, மடியும் நீலக்குறிஞ்சி, இப்படிக் காலம் பார்த்துப் பூப்பதன் உச்சம். 1994, 2006, 2018 என்று பெரும்பூப்புகள் பதிவாகியுள்ளன. எல்லாக் குறிஞ்சித் திட்டுகளும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளிலும் அங்கங்கே பூப்பு காணப்படும்.

சரிவின் அடியில் நீர் தேங்கும் சதுப்புகள் தனிக் கூட்டம். அங்கே கோரை இனங்களும் நீர்ப்பையால் சிற்றுயிர் பிடிக்கும் யூட்ரிகுலேரியாவும் மிகுதி. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயில்களுக்கு வேயும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்னும் புல்லும் இத்தகைய சதுப்புகளில் வளர்வதே. நீலகிரிக்கு மட்டுமே உரிய அந்தப் புல் அருகிவருவதால், கூரை வேய இன்று நெடுந்தூரம் தேடிப்போக வேண்டியிருக்கிறது. மரம் என்று புல்வெளியில் தனியே நிற்பது பெரும்பாலும் ரோடோடென்ட்ரான் ஒன்றே. அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும்.

இம்மலைத் தாவரங்களைப் பற்றிய முதல் விரிவான நூலை, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஃபைசன் 1915 முதல் வெளியிட்டார். 6,500 அடிக்கு மேலுள்ள செடிகளை மட்டுமே அதில் எடுத்துக்கொண்டார். பழனி மலைக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தைச் சேர்ந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ 1999இல் தனித் தொகுதிகளாகத் தாவரநூல் எழுதினார்.

காடு அழிந்த நிலமா?

இவ்வளவு மழை பெய்யும் மலையில் ஏன் மரம் மூடவில்லை என்ற கேள்வி நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டது. மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும் சோலையைப் பின்தள்ளியதால் உண்டானது புல்வெளி என்பது ஒரு கட்சி. 1938இல் ரங்கநாதன் இதை மறுத்தார். உறைபனி விழும் திறந்த சரிவில் சோலை மரக்கன்று பிழைக்காது, ஆகவே காடும் புல்லும் தத்தம் இடத்தில் நிலைபெற்றவையே என்பது அவர் வாதம்.

விடை சதுப்பில் கிடைத்தது. முழுதும் மக்காத தாவர எச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்த பீட் மண்ணை நீலகிரியில் தோண்டி எடுத்து, சுகுமாரும் உடனாய்வாளர்களும் அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்தனர். வெப்பநாட்டுப் புற்கள் கரியமில வாயுவை உட்கொள்ளும் முறை மரங்களுடையதிலிருந்து வேறுபட்டது. அதன் தடயம் எச்சத்தில் தங்கிவிடும். 1993இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வின்படி, கடைசிப் பனியூழியின் வறண்ட காலத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் ஓங்கியிருந்தது. ஈரமான காலங்களில் பிற தாவரங்கள் கூடின; வறண்ட காலங்களில் புல் மீண்டது. கோடரியும் மந்தையும் வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இருந்தது என்பதில் இனி ஐயமில்லை.

தீயையும் மேய்ச்சலையும் அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. எருமை வளர்த்த தோடர்கள் கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து இளம்புல் துளிர்க்கச் செய்தனர். எரவிகுளத்தில் வரையாடு மேய்வதற்காக முதுவர் பழங்குடியினரின் துணையோடு பகுதி பகுதியாகப் புல்லை எரிக்கும் வழக்கம் உண்டு. முதிர்ந்த தூர் மூடிய இடத்தில் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது என்பதை நினைத்தால் இதன் நியாயம் விளங்கும். அளவு மீறினால் கேடு என்பதும் உண்மை.

மரம் நட்டதால் வந்த அழிவு

ஆங்கிலேயர் இந்நிலத்தைத் தரிசு என்று கணக்கில் எழுதினர். கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸ் 1843இல் நீலகிரிக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரங்களும் அதே நூற்றாண்டில் வந்தன. மலைவாசிகள் இவற்றைச் சீகை என்கிறார்கள். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னர் ரேயான் கூழுக்குமாக இவற்றின் தோட்டங்கள் விரிந்தன. விடுதலைக்குப் பிறகு அரசே பெருமளவில் நட்டது. வெற்று நிலத்தைப் பசுமையாக்குவதாக அன்று நம்பினார்கள். நட்ட இடமெல்லாம் புல்வெளி என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு, பழனி மலையில் 1973க்குப் பின் நாற்பதே ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைக் காட்டியது. மரத்தோட்டமும் விவசாயமும் அதை விழுங்கியிருந்தன.

நீரிலும் இழப்பு தெரிந்தது. நீலகிரியின் கிளென்மார்கனில் இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டனர். ஒன்று புல்லாகவே விடப்பட்டது. மற்றதில் கற்பூர மரம் நட்டார்கள். நட்ட பகுதியில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து ஏறத்தாழ 16% குறைந்தது. பைக்காரா, குந்தா மின்நிலையங்களும் கீழே பவானிப் பாசனமும் இம்மலை நீரை நம்பியிருப்பவை.

சீகைக்குத் தனி வலிமை ஒன்று உண்டு. சோலை மரக்கன்றைக் கொல்லும் உறைபனியை அதன் கன்று தாங்கிவிடுகிறது. ஜோஷி, ரத்னம், சங்கரன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட நடவு ஆய்வில் இது உறுதியானது. பல்லாயிரம் ஆண்டுகளாக மரத்தைத் தடுத்துவந்த காவல் இந்த ஒரு விருந்தாளியிடம் செல்லவில்லை. மலை வெப்பமாகி உறைபனி நாள்கள் குறைந்தால் அந்தக் காவல் இன்னும் தளரும். ஸ்காட்ச் புரூம், கோர்ஸ், கிகுயூ புல் ஆகிய அயல் இனங்களும் பரவிவருகின்றன.

சீகையை வெட்டினால் மட்டும் புல் திரும்பிவிடாது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும். வெட்டுவதும் எரிப்பதும் அதை எழுப்ப, அடுத்த மழையிலேயே கன்றுகள் பாய் விரித்தாற்போல் முளைக்கின்றன. அவற்றை ஆண்டுதோறும் பிடுங்க ஆள் வேண்டும். நாட்டுப் புல்லின் தூர்களை நாற்றாக வளர்த்து நடவும் வேண்டும். புல் ஓரளவு பிடித்துக்கொண்டாலும், இடைவெளிச் செடிகள் வந்துசேர நெடுங்காலமாகும். பழைய தோட்டங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது: சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வளர்ந்துவிட்ட இடங்களில் மரத்தை வெட்டினால் அவையும் அழியும். 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. எந்தச் சரிவைப் புல்லுக்கு மீட்பது, எதைச் சோலையாக வளரவிடுவது என்பதை அந்தந்த இடத்தின் மண்ணையும் முளைப்பையும் பார்த்தே முடிவு செய்ய முடியும்.