கருவிகளுக்குப் பெயர் சூட்டிய கதை

ஆய்வுக்கூடத்தில் ஒரு கணிப்பொறியுடன் இரண்டு கருவிகளை இணைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று வெப்பநிலையை அளக்கிறது. மற்றொன்று மின்னழுத்தத்தை அளக்கிறது. இரண்டும் ஒரே வகை யூ.எஸ்.பி. இணைப்பின் வழியே அளவுகளை அனுப்புகின்றன. லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பு, முதலில் தென்படும் இணைப்புக்கு 0 என்றும் அடுத்ததற்கு 1 என்றும் எண்ணிட்டுப் பெயர் தருகிறது. இன்று வெப்பமானிக்கு 0 கிடைத்தது. நாளை மின்னழுத்தமானி முந்திக்கொண்டால் அந்த 0 அதற்குப் போய்விடும். நிரலோ இதை அறியாது. மின்னழுத்தத்தை வெப்பநிலை என்றே பதிவு செய்துகொண்டிருக்கும்!

வட்டுகளில் இக்குழப்பம் நேர்ந்தால் விளைவு இன்னும் கொடியது. அழிக்க நினைத்த வட்டு ஒன்று, அழிந்த வட்டு வேறொன்று என்றாகிவிடும். அப்படியானால் ஒரு கருவிக்கு அது வந்த வரிசையைக் கொண்டு பெயரிடுவதா, அதன் அடையாளத்தைக் கொண்டு பெயரிடுவதா? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அதில் ஓர் அழகிய கருத்து இருந்தது. வட்டு, அச்சுப்பொறி, முனையம் ஆகிய எல்லாவற்றையும் கோப்புகளைப் போலவே கையாளலாம் என்பதே அது. இக்கோப்புகள் 'டெவ்' என்னும் அடைவில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு கருவிக் கோப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண், கருவியை இயக்கும் நிரல் எது என்பதைக் காட்டும். இரண்டாவது எண், அந்நிரலின் பொறுப்பில் உள்ள கருவிகளுள் இது எது என்பதைக் காட்டும். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் போன்றவை இவை எனலாம்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இம்முறையையே மேற்கொண்டது. எண் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் இடமே ஒதுக்கப்பட்டதால் 256 தெருக்கள், தெருவுக்கு 256 வீடுகள் என்ற அளவுக்குமேல் செல்ல வழியில்லை. மேலும், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் கோப்பை முன்கூட்டியே செய்து வைத்தனர். ரெட் ஹாட் 9 என்ற லினக்ஸ் பதிப்பின் 'டெவ்' அடைவில் 18,000க்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. ஆளில்லாத வீடுகளின் வாசலில் எல்லாம் பெயர்ப்பலகை தொங்கியது!

1996இல் யூ.எஸ்.பி. இணைப்பின் விதிமுறைகள் வெளியாயின. கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவிகளைச் செருகுவதும் பிடுங்குவதும் பின்னர் வழக்கமாயின. நிலையான பெயர்ப்பலகைகள் இனி எப்படிப் பயன்படும்? ரிச்சர்ட் கூச் என்பவர் 'டெவ்எஃப்எஸ்' என்ற முறையை வகுத்தார். 2000இல் அது லினக்ஸில் சேர்ந்தது. இதன்படி, கருவி உள்ளபோது மட்டுமே அதன் கோப்பு தோன்றும். ஆயினும், பெயரிடும் பொறுப்பு முழுவதும் 'கெர்னல்' எனப்படும் இயக்க அமைப்பின் உட்பகுதியிடமே இருந்தது. பயன்படுத்துவோர் தம் விருப்பப்படி பெயரிட இடமில்லை என்ற குறை எழுந்தது.

2003இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கிரெக் குரோவா-ஹார்ட்மன், கனடாவின் ஆட்டவா நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் 'யூடெவ்' என்னும் மாற்று வழியை விளக்கினார். பெயர் சூட்டும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே, ஒரு சாதாரண நிரலிடம் ஒப்படைப்பதே அவ்வழி. கே சீவர்ஸ் முதலியோர் அதை மேலும் வளர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான 2.6ஆம் கெர்னலில் தெருவுக்கு 12 பிட்டும் வீட்டுக்கு 20 பிட்டும் ஒதுக்கப்பட்டன. அதாவது 4,096 தெருக்கள். தெருவுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! 2006இல் பழைய 'டெவ்எஃப்எஸ்' நீக்கப்பட்டது.

யூடெவ் எவ்வாறு செயல்படுகிறது? கருவி செருகப்பட்டதும் கெர்னல் ஒரு நிகழ்ச்சிச் செய்தியை அறிவிக்கிறது. பின்னணியில் காத்திருக்கும் யூடெவ் அதைப் படித்து, கருவியின் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் முதலியவற்றை ஆராய்ந்து, நாம் எழுதிவைத்த விதிகளின்படி மாறாத மற்றொரு பெயரையும் சூட்டுகிறது. 2009 டிசம்பர் முதல் அடிப்படைக் கோப்புகளைக் கெர்னலே மீண்டும் உண்டாக்கும் ஏற்பாடு வந்தது. ஆனால் மாறாத பெயர்களும் அனுமதிகளும் இன்றும் யூடெவ்வின் பொறுப்பே. 2012இல் யூடெவ், 'சிஸ்டம்டி' என்னும் பெரிய திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

இந்த உரையாடலை நாமும் ஒட்டுக் கேட்கலாம்! அதற்கான கட்டளையே 'யூடெவ்அட்ம்' ஆகும். அதனுடன் 'மானிட்டர்' என்ற சொல்லைச் சேர்த்துத் தட்டினால், நிகழ்ச்சிகள் நடக்க நடக்கத் திரையில் வரிகளாக ஓடும். 'கெர்னல்' என்று தொடங்கும் வரி, கெர்னல் சொன்னது. 'யூடெவ்' என்று தொடங்கும் வரி, விதிகளைப் பார்த்து முடித்தபின் யூடெவ் சொன்னது. இரண்டிலும் உள்ள நேரக் குறிப்புகளை ஒப்பிட்டால் இடையில் கழிந்த காலமும் தெரியும். 'இன்ஃபோ' என்ற சொல்லைச் சேர்த்துக் கருவியின் பெயரையும் தந்தால், அதைப்பற்றி யூடெவ் அறிந்தவை எல்லாம் வெளிவரும்.

செய்தி சொன்னவர் யார் என்று பிரித்தறிவது வெறும் நுணுக்கம் அன்று. 2009 ஏப்ரலில் யூடெவ்வில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. வந்த செய்தியைக் கெர்னல்தான் அனுப்பியதா என்று அது சரிபார்க்கவில்லை. ஆகவே, கணிப்பொறியில் கணக்கு வைத்திருக்கும் சாதாரணப் பயனர் ஒருவர் போலிச் செய்தி அனுப்பி, கணிப்பொறி முழுவதையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவர முடிந்தது. அனுப்பியவரைச் சரிபார்க்கும் திருத்தம் உடனே செய்யப்பட்டது.

யூடெவ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. விலை மலிந்த சில கருவிகளில் வரிசை எண் பொறிக்கப்படுவதே இல்லை. ஒரே மாதிரியான அத்தகைய இரண்டு கருவிகளை, அவை செருகப்பட்ட துளையைக் கொண்டுதான் வேறுபடுத்த இயலும்.

லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'மானிட்டர்' ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பென் டிரைவைச் செருகுங்கள். அந்த ஒரே பொருளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட வரிகள் ஓடும். பின்னர் அதைப் பிடுங்கி வேறொரு துளையில் செருகுங்கள். இரண்டு முறையும் 'இன்ஃபோ' தரும் விவரங்களைத் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். எவை மாறின, எவை மாறவில்லை? மாறாதவற்றைக் கொண்டு பெயரிட்டால், வெப்பமானி என்றும் வெப்பமானியாகவே இருக்கும்.