வேலூரில் பொம்மை செய்த கைகள்

கைக்கான பயிற்சி என்றால் ரப்பர் பந்தைப் பிசைவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நோயாளிக்குப் பிடித்த கைவேலையையே பயிற்சியாக்குவது இன்னொரு வழி. அதன் வரலாற்றில் வேலூருக்கு ஓர் இடம் உண்டு.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிகளின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கும் முன் கட்டடவேலையும் தச்சும் கற்றார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். நோய் நரம்பைத் தாக்கியதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் பல நன்றாகவே இருந்தன. அவற்றில் ஒன்றின் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தினார்.

அறுவை சிகிச்சை முடிந்தபின் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. ஒரு விரலை மடக்கிவந்த தசை இப்போது வேறு வேலையைப் பழக வேண்டும். அதற்கு நாள்தோறும் பயிற்சி தேவை. அடுத்தது பிழைப்பு. கை நேரானதும் பிச்சை குறைந்தது. நோயாளி என்ற பெயர் போகாததால் வேலையும் கிடைக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் விடைதேடி 1950களின் தொடக்கத்தில் புதுவாழ்வு மையம் பிறந்தது. பிராண்டின் பழைய தச்சு அங்கே கைகொடுத்தது. நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்யக் கற்றார்கள். வாளைப் பிடிப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் விரல்களுக்குப் பயிற்சியாயின. செய்த பொம்மை கூலியும் தந்தது.

அவர் இன்னொன்றையும் கண்டார். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. வலி தெரியாததால் அவன் அதை உணரவே இல்லை. விரல்களைத் தின்றது நோய்க்கிருமி அல்ல, உணர்வில்லாத கையில் ஏற்படும் காயங்களே என்ற அவரது முடிவு இப்படித்தான் வலுப்பட்டது. வேலை செய்யும் கையைத் தினமும் சோதித்துப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியானது. 1966இல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனபோது இந்த அனுபவத்தையும் கொண்டுசென்றார்.

இன்று நம் ஊர்களில் கை சிகிச்சையாளர்கள், "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்பதுண்டு. பக்கவாதமோ எலும்பு முறிவோ கண்ட நம் அம்மாக்கள் கூச்சத்தில், "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பூத்தொடுப்பதும் கோலமிடுவதும் முறுக்குச் சுற்றுவதும் நுட்பமான விரல்வேலைகள்தான். கூடப்போகும் பிள்ளைகள்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.